டிக்... டிக்... வண்டி என்ன சொல்கிறது?



இந்தப் பக்கத்தில் வழக்கமாக ரொக்கப் புத்தகம் எழுதுவது, பேரேடு சரிபார்ப்பது, வங்கிக் கடன் வாங்குவது என்றுதான் பாடம் வரும். இந்த மாதம் கொஞ்சம் மாறுதல். இது வண்டிப் பாடம். சாவியைத் திருப்பினால் "டிக்" என்று சத்தம் மட்டும் வருது, வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் எதைப் பார்க்கணும், எதைப் பார்க்காமல் குழுப் பணத்தை எடுக்கக் கூடாது என்பதைச் சேர்ந்து படிப்போம்.

"வண்டி ரிப்பேர் நமக்கு எதுக்குங்க? அதுக்கு டிரைவர் இருக்காரு, மெக்கானிக் இருக்காரு" என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தோம். அந்த நினைப்புக்கு ஒரு குழு என்ன விலை கொடுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு மகளிர் குழு. ஊர்ப் பெயரும் குழுப் பெயரும் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பழவேற்காடு ஏரி மீன், இறால், நண்டு வாங்கி ஐஸ் போட்டு சென்னை சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். அதற்காக வங்கிக் கடனில் ஒரு பழைய மினி லாரி வாங்கினார்கள். நம் பக்கத்தில் "குட்டியானை" என்று சொல்வோமே, அந்த மாதிரி வண்டி. உறுப்பினர் ஒருவரின் தம்பிதான் டிரைவர்.

ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணி. பெட்டி எல்லாம் ஏற்றியாச்சு. தம்பி சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினார், மறுபடி "டக்". வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றி அனுப்பும்போது மணி ஏழு ஆகிவிட்டது. மார்க்கெட்டில் விலை இறங்கிவிட்டது. இறாலைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"ராத்திரி பூரா வண்டியில உக்காந்து பாட்டு கேட்டிருப்பான். பேட்டரிய காலி பண்ணிட்டான்" என்று ஒரு அக்கா சொன்னார். "இல்லக்கா, ஹெட்லைட் பளிச்சுனு எரியுது பாருங்க" என்று தம்பி சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை.

மெக்கானிக் வந்தார். பார்த்த உடனே, "பேட்டரி போச்சு" என்றார். புது பேட்டரி 6,200 ரூபாய். பழைய பேட்டரியை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி "டக்". இந்தத் தடவை, "செல்ஃப் மோட்டார் போச்சு" என்றார். கழற்றி, வேலை பார்த்து மாட்டினார். 3,400 ரூபாய். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மறுபடி அதே "டக்".

அன்று சாயங்காலம் குழுக் கூட்டம். பாதிச் செலவைத் தம்பியின் கூலியில் பிடிக்கணும், டிரைவரை மாற்றணும் என்று பேச்சு வந்தது. "காசு அவன் கையில போகுதோ என்னமோ" என்று ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. தம்பியின் அக்கா ஒன்றும் பேசவில்லை. பாஸ்புக்கை எடுத்துப் பாயில் வைத்து, "என் சேமிப்புக் கணக்கை முடிச்சிடுங்க" என்றார். குழு ஆரம்பித்த நாளில் இருந்து ஒரு வாரம்கூடச் சந்தா தவறாதவர் அவர்.

நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு வவுச்சரையும் சரிபார்த்தது நாங்கள்தான். பில் இருக்கா, தேதி இருக்கா, கையெழுத்து இருக்கா என்று பார்த்தோம். "பேட்டரி கெட்டது என்று எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இது எங்கள் தப்பு. ஒத்துக்கொள்கிறோம்.

இருபது நிமிஷ வேலை

மறுநாள் கும்மிடிப்பூண்டியில் இருந்து வயதான ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தோம். வந்தவர் எதையும் கழற்றவில்லை. "ஹெட்லைட்ட போடுப்பா. இப்ப சாவியத் திருப்பு" என்றார். லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "டக்". லைட் கொஞ்சமும் மங்கவில்லை.

பிறகு ஒரு மீட்டர் எடுத்துப் பேட்டரியில் வைத்தார். 12.6 காட்டியது. "பேட்டரி நல்லா இருக்கும்மா" என்றார். அடுத்து ஒரு தடித்த ஜம்பர் கேபிளை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொரு முனையை இன்ஜினின் இரும்பிலும் மாட்டினார். "இப்ப அடிப்பா". வண்டி ஒரே தடவையில் கிளம்பிவிட்டது!

வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். வயர் நுனியில் பச்சைப் பச்சையாகப் பொடி, போல்ட்டில் துரு. "ஏம்மா, மீன் பெட்டித் தண்ணி தினமும் இதும்மேலதான் சொட்டுது. உப்புத் தண்ணி இரும்ப விடுமா?" என்று கேட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினார். மொத்தம் இருபது நிமிஷம். 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு தடவையும் வண்டி ஏன் சில நாள் ஓடியது? பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றி மாட்டும்போது வயர் அசைந்து, துருவுக்கு நடுவில் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து "ரிப்பேர் சரியாயிடுச்சு" என்று எல்லாரும் நம்பிவிட்டோம்.

ஆக, செலவு 9,600 ரூபாய். தேவைப்பட்டது 200 ரூபாய். ஆனால் பெரிய நஷ்டம் ரூபாயில் இல்லை. ஒரு தம்பியைத் திருடன் மாதிரி நிற்க வைத்துவிட்டோம்.

பாடம் 1: அந்த "டிக்" எங்கே இருந்து வருகிறது?

வண்டி கிளம்ப நாலு பேர் வேலை செய்யணும்.

1. பேட்டரி - கரண்ட்டைச் சேமித்து வைத்திருப்பவர்.
2. தடித்த வயர்கள் - பிளஸ்ஸில் இருந்து செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று. மைனஸில் இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போவது எர்த் வயர்.
3. சாலினாய்டு - செல்ஃப் மோட்டாரின் மேலே குட்டி உருளை மாதிரி இருக்கும். இது ஒரு பெரிய சுவிட்ச்.
4. செல்ஃப் மோட்டார் - இன்ஜினைச் சுற்றிவிடுபவர்.

நீங்கள் சாவியைத் திருப்பும்போது சின்ன கரண்ட் ஒன்று சாலினாய்டுக்குப் போகிறது. அது உள்ளே இருக்கும் இரும்பை இழுத்து, மோட்டாரின் பல்சக்கரத்தை இன்ஜின் பல்லோடு சேர்த்துவிட்டு, பெரிய கரண்ட்டுக்குக் கதவைத் திறக்கிறது. அந்த இரும்பு போய் இடிக்கிற சத்தம்தான் "டிக்". ஆக, "டிக்" வந்தால் சாவியில் இருந்து சாலினாய்டு வரை பாதை சரி, அதற்குப் பிறகுதான் தடங்கல் என்று முக்கால்வாசி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

"ஹெட்லைட் எரியுதே, அப்புறம் ஏன் கிளம்பல?" என்று கேட்பீர்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து கேட்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் கிளப்புகிற நேரத்தில் கேட்பது 100 ஆம்பியருக்கும் மேலே. நம் கணக்கிலேயே சொல்லுவோம். பாஸ்புக்கில் ஒரு லட்சம் இருக்கிறது. ஆனால் ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் நோட்டு நாலுதான் வருகிறது என்றால் மாட்டு வாங்கப் போக முடியுமா? இருப்பு இருந்தால் மட்டும் போதாது. கேட்ட நேரத்தில் கேட்ட அளவு கைக்கு வரணும். துருப்பிடித்த வயர் சின்ன கரண்ட்டை விடும், பெரிய கரண்ட்டை விடாது.

இந்தச் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் முன்னால் கம்பி போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்புவார்கள். கம்பி எதிர்ப்பக்கம் அடித்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் இதற்கு மின்சார மோட்டார் கண்டுபிடித்தார். 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் அது வந்தது. அதற்கு முன்னால் அவர் கடைகளில் வைக்கும் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். சின்ன மோட்டார்கூடக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் பெரிய வேலை செய்யும் என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. அந்தக் "கொஞ்ச நேரம்" இன்றைக்கும் பொருந்தும். சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அரை நிமிஷமாவது விட்டு அடுத்த தடவை முயலுங்கள். விடாமல் அடித்தால் மோட்டார் சூடாகி நிஜமாகவே கெட்டுப்போகும்.

பாடம் 2: காதைத் தீட்டுங்கள், லைட்டைப் பாருங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்றால் நல்லது.

"டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாக, லைட்டும் மங்குகிறது: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஊரில் லோ வோல்டேஜ் நேரத்தில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் "டக டக டக" என்று அடித்துக்கொள்ளுமே, அதே கதைதான். சாலினாய்டு இழுக்கிறது, கரண்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது.

"டக்" என்று ஒரே சத்தம், லைட் மங்கவே இல்லை: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் இருக்கிறது, மோட்டார் வழியாகப் போகவில்லை. இன்ஜினுக்குப் போகும் எர்த் வயர், பிளஸ் வயர், சாலினாய்டின் உள்பக்கம், மோட்டாரின் கார்பன் பிரஷ் - இதில் ஒன்று.

"டக்" என்று ஒரே சத்தம், லைட் ரொம்ப மங்குகிறது: பேட்டரி சார்ஜ் குறைவாக இருக்கலாம். அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகி நிற்கலாம்.

திருப்பினதும் லைட் சுத்தமாக அணைந்துபோகிறது: பேட்டரி டெர்மினலை உடனே பாருங்கள். முக்கால்வாசி அங்கேதான் லூஸ்.

சத்தமே இல்லை: இது வேறு பாதை. பியூஸ், சாவி சுவிட்ச், சாலினாய்டுக்கு வரும் சின்ன வயர் இவற்றைப் பார்க்கணும். சில புது வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். அதையும் பாருங்கள்.

அந்தத் தம்பி முதல் நாளே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஹெட்லைட் பளிச்சுனு எரியுது." விடை அன்றைக்கே வாசலில் வந்து நின்றது. நாம்தான் உள்ளே கூப்பிடவில்லை.

பாடம் 3: தொடும் முன்னால் பாதுகாப்பு

* கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
* தங்கச் சங்கிலி, மோதிரம், உலோக வளையல் எல்லாம் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டோம் என்றால் ரவிக்கைக்குள் போட்டு முடிந்துகொள்ளுங்கள். உலோகம் பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் ஒரு நொடியில் பழுத்துவிடும்.
* முந்தானையை இழுத்துச் செருகுங்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் குனியாதீர்கள்.
* பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, விளக்கு கூடாது. அதில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும். டார்ச் லைட் பயன்படுத்துங்கள்.
* பேட்டரித் தண்ணீர் ஆசிட். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நேரடியாக ஷார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்ய விடாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி ஆளின் மேல் பாய்ந்துவிடும்.
* என்.எச். 16 சாலையில் நின்றுபோனால் இடது ஓரம் ஒதுங்கி, நாலு இண்டிகேட்டரும் போட்டு, முக்கோண போர்டு வையுங்கள். அந்தச் சாலையில் வண்டியைத் தள்ளாதீர்கள். கன்டெய்னர் லாரி வருவது இருட்டில் தெரியாது.

பாடம் 4: வரிசையாக ஐந்து படி

காசு செலவில்லாததை முதலில் பார்க்கணும். காசு அதிகம் ஆவதைக் கடைசியில் பார்க்கணும். இந்த வரிசை முக்கியம்.

படி 1: டெர்மினலை ஆட்டிப் பாருங்கள்.
பேட்டரி சில வண்டியில் சேசிஸ் ஓரமாக இருக்கும், சிலதில் பானெட்டுக்கு அடியில் இருக்கும். எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். சாவியை அணைத்துவிட்டு இரண்டு டெர்மினலையும் கையால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் லூஸ். ஸ்பேனர் போட்டு முடுக்குங்கள்.

படி 2: சுத்தம் செய்யுங்கள்.
வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றித் தேய்க்கணும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மட்டும் மாற்றாதீர்கள். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கிக்கொண்டு வரும். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, மாட்டி முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

படி 3: எர்த் வயரைத் தேடுங்கள்.
மைனஸில் இருந்து கிளம்பும் தடித்த வயர் எங்கே போகிறது என்று கடைசிவரை கண்ணால் தொடருங்கள். பாடியில் ஒரு இடம், இன்ஜினில் ஒரு இடம். இரண்டு போல்ட்டும் பார்க்கணும். ஜம்பர் கேபிள் இருந்தால், பெரியவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். பேட்டரி மைனஸ், இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும். உடனே கிளம்பினால் குற்றவாளி எர்த் வயர்தான்.

படி 4: மீட்டர் வையுங்கள்.
சின்ன மல்டிமீட்டர் எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைக்கணும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றிருக்கணும்.

12.6 வோல்ட் - முழு சார்ஜ்
12.4 வோல்ட் - முக்கால்
12.2 வோல்ட் - பாதி
12.0-க்குக் கீழே - கிட்டத்தட்ட காலி

இப்போது ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 12-க்கு மேலேயே நின்றால் கரண்ட் போகவே இல்லை. வயரையோ செல்ஃபையோ பாருங்கள். அடுத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது.

படி 5: அதன் பிறகுதான் செல்ஃப் மோட்டார்.
பேட்டரி நல்லது, வயர் நல்லது, ஆனாலும் "டக்" மட்டும் என்றால் சாலினாய்டோ மோட்டாரோதான். மரக்கட்டையால் மோட்டாரை லேசாகத் தட்டினால் சில நேரம் கிளம்பும். கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதற்கு அது அடையாளம். இது அன்றைக்கு வீடு வந்து சேர மட்டும்தான் உதவும். மறுநாள் கழற்றி வேலை பார்க்கணும். பிரஷ்ஷும் காண்டாக்ட்டும் மாற்றினாலே பல மோட்டார் சரியாகிவிடும். முழு மோட்டாரும் புதுசு வேண்டுமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாடம் 5: காலியான பேட்டரி வேறு, செத்த பேட்டரி வேறு

மீட்டரில் 11.8 காட்டினதும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் சார்ஜ் போடுங்கள். நன்றாக ஏறி, மறுநாளும் 12.4-க்கு மேல் நின்றால் பேட்டரி பிழைத்துவிட்டது. அப்படியானால் ஏன் காலியானது? லைட்டை அணைக்காமல் விட்டிருக்கலாம். அல்லது டைனமோ சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8-இல் இருந்து 14.5 வரை காட்டணும். 13-க்குக் கீழே என்றால் டைனமோவும் பெல்ட்டும் பார்க்கணும். அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் காலியாகும்.

சார்ஜ் ஏறவே மாட்டேன் என்றாலோ, ஏறி ராத்திரிக்குள் இறங்கிப்போனாலோதான் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் வாரன்டி கார்டில் தேதி பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகணும்.

பழைய பேட்டரியைச் சும்மா கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. புதிதாக வாங்கும்போது பழசைக் கொடுத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. வீட்டுப் பின்பக்கம் உடைத்து ஈயம் எடுக்கும் ஆட்களிடம் கொடுக்கவே கூடாது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பாடம் 6: மெக்கானிக்கிடம் கேட்க நாலு கேள்வி

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர் இல்லை. அவசரத்தில் ஊகமாகச் சொல்பவர்தான் அதிகம். நாம் கேட்டால் அவரும் நின்று பார்ப்பார்.

1. "என்ன சோதனை பண்ணிப் பார்த்தீங்க அண்ணே?"
2. "மீட்டர் வச்சுக் காட்டுங்க, எவ்வளவு வருது?"
3. "எர்த் வயரும் டெர்மினலும் கழட்டிப் பார்த்தாச்சா?"
4. "மாத்தின பழைய சாமானை எங்ககிட்ட கொடுத்துடுவீங்களா?"

இதற்குக் கோபப்படத் தேவையே இல்லை. குழுவில் உள்கடன் கேட்பவரிடமே எதற்கு, எப்படிக் கட்டுவீங்க என்று நாம் கேட்கிறோம். ஆறாயிரம் ரூபாய் செலவுக்கு நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

பாடம் 7: உப்புக் காற்று ஊருக்கு ஒரு வழக்கம்

பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. மீன், நண்டு, இறால் கொடுத்து நம்மை வாழவைப்பதும் அதுதான். காற்றிலும் தண்ணீரிலும் உப்பைக் கொண்டுவந்து இரும்பைத் தின்பதும் அதுதான். அதனால் மீன் லோடு அடிக்கும் வண்டிக்கு இந்தப் பழக்கம் வேண்டும்.

* தினமும் சரக்கு இறக்கின பிறகு பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.
* ஐஸ் தண்ணீர் பேட்டரி மேலும் வயர் மேலும் சொட்டாமல் பெட்டிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு, தண்ணீர் பின்பக்கமாகப் போகும்படி செய்யுங்கள்.
* மாதம் ஒரு தடவை டெர்மினல், எர்த் போல்ட் இரண்டையும் பார்த்து வாசலின் தடவுங்கள்.
* தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் மாதம் ஒரு தடவை மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது.
* ஒரு 40 பக்க நோட்டில் வண்டிப் பதிவேடு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, என்ன சோதனை, யார் பார்த்தது, எவ்வளவு செலவு. தீர்மானப் புத்தகம் மாதிரி இதற்கும் கையெழுத்து வேண்டும்.

பெண்களுக்கு இது வருமா?

ஜெர்மனியில் 1888-ஆம் ஆண்டு பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் செய்த மோட்டார் வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு நூறு கிலோமீட்டருக்கும் மேல் தாய்வீட்டுக்கு ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகத்திலேயே முதல் நீண்ட கார் பயணம் அதுதான். வழி ரிப்பேரைப் பார்த்ததும் ஒரு பெண்தான். நம் தமிழ்நாட்டில் 1993-ஆம் ஆண்டிலேயே வசந்தகுமாரி அக்கா நாகர்கோவிலில் அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். இட்லி மாவு புளித்துவிட்டதா என்று வாசனையில் கண்டுபிடிக்கும் நமக்கு, ஒரு "டக்"குக்கும் "டிக்டிக்டிக்"குக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா?

முடிவாக...

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் அக்கா முதலில் எழுந்து தம்பியிடம், "தப்பா பேசிட்டோம்பா, மனசுல வச்சுக்காத" என்றார். கூலியில் பிடிப்பது என்ற பேச்சு அதோடு முடிந்தது. நாங்களும் எங்கள் பங்குக்கு மன்னிப்புக் கேட்டோம். தம்பியின் அக்கா பாஸ்புக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் இரண்டு வாரம் ஆனது. போல்ட்டை இருபது நிமிஷத்தில் சுத்தம் செய்துவிடலாம், மனதுக்குக் கூட நேரம் வேண்டும். இன்றைக்கு அந்த வண்டியின் பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. மாதாமாதம் எர்த் போல்ட் பார்ப்பதும் அவர்தான்.

இதில் இருந்து எங்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். தப்பு யார் மேலே என்று தேடும் முன்னால், தப்பு எங்கே இருக்கிறது என்று தேடணும். வண்டிக்கும் அதுதான், கணக்கு உதைக்கும்போது ரொக்கப் புத்தகத்துக்கும் அதுதான்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் குழு வண்டியிலோ, வீட்டு வண்டியிலோ பேட்டரி எங்கே இருக்கிறது? எர்த் வயர் எங்கே மாட்டியிருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.
2. டெர்மினலைக் கழற்றும்போது எது முதலில்? மாட்டும்போது எது கடைசியில்?
3. "டக்" என்று ஒரு சத்தம், லைட் மங்கவில்லை. பேட்டரி மாற்றலாமா? ஏன்?
4. கடைசியாகக் குழுவில் பெரிய ரிப்பேர் செலவு செய்தபோது என்ன சோதனை பார்த்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?
5. விஷயம் தெரிவதற்கு முன்னால் ஒருவர் மேல் பழி போட்ட சம்பவம் நம் குழுவில் உண்டா? அதைச் சரிசெய்தோமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்து, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.